ஆங்கிலக் கிராமத்து வயல்களும் எல்லைகளும்

இங்கிலாந்து என்றதும் எமது மக்களின் மனதில் எழுவது இலண்டன் மாநகரமும் அதன் புகையிரதங்களும் கடைவீதிகளுமே. ஆனால் அந்த நாட்டிலும் வயல் உண்டு, வரம்பு உண்டு, வரம்புச் சண்டை உண்டு. ஊரைவிட்டு எழுப்பப்பட்ட கமக்காரரின் கதையும் அங்கு உண்டு. நொற்றிங்ஹாம்ஷயர் பகுதியில் கமம் செய்துவரும் நண்பர் குடும்பம் ஒன்றுடன் ஒரு நவம்பர் மாதக் கடைசியில் தங்கியிருந்து, அயற் கிராமங்களைச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. காணியை விட்டு வந்தவர்களும், திரும்பிச் சென்று எல்லைக்கல்லைத் தேடிக்கொண்டிருப்பவர்களும் இவ்விதழின் வாசகர்களில் பலர். ஆகவே நாம் பார்த்த அழகிய காட்சிகளைச் சுருக்கி, காணியையும் ஊரையும் பற்றி அங்கு அறிந்துகொண்டவற்றையே இங்கு விரித்துக் கூறுகின்றோம்.

ஊரின் அமைப்பு

பழைய ஆங்கிலக் கிராமத்தின் நடுவே ஆலயம் இருக்கும். அதைச் சுற்றிச் சேமக்காலை. அருகே ஒரு விடுதி, ஊர் மண்டபம், சில இடங்களில் சிறு பாடசாலை. கமக்காரரின் வீடுகள் வயலுக்குள் தனித்தனியே நிற்பதில்லை. தெருவின் இரு பக்கமும் நெருங்கி நிற்கும். வீட்டின் பின்னால் மாட்டுக் கொட்டில், வைக்கோற் போர், சிறு தோட்டம். வயலோ ஊருக்கு வெளியே. எமது வன்னிக் கிராமங்களில் குடியிருப்பு ஒரு பக்கமும் குளத்தின் கீழ் வயல் மறுபக்கமும் இருப்பதை இது நினைவூட்டும்.

இன்று இங்கிலாந்தின் பெரும்பாலான இடங்களில் வயல்களைச் சுற்றி முட்செடி வேலி நிற்கின்றது. அந்த வேலிகள் ஆதியில் இருந்தவை அல்ல. அவை வந்த கதை துயரமானது. அதை அறியுமுன், வேலி வராமல் தப்பிய ஒரு கிராமத்தை நோக்குவோம்.

மூன்று வயல், ஓர் ஒழுங்கு

லக்ஸ்ரன் என்பது நொற்றிங்ஹாம்ஷயரில் உள்ள சிறு கிராமம். மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என மூன்று பெரும் வயல்கள் அங்குள்ளன. வேலி எதுவும் இல்லாத இவ்வயல்கள் நீண்ட துண்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒரு கமக்காரரின் துண்டுகள் ஒரே இடத்தில் இல்லாமல் மூன்று வயல்களிலும் சிதறிக் கிடக்கும்.

இப்படிச் சிதறவிட்டதன் காரணம் என்ன? பழங்காலத்தில் இந்த முறையால் நல்ல மண்ணும் இளைத்த மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் பங்காகக் கிடைத்தன. ஒரு பக்கம் வெள்ளம் நின்றாலும் ஒரு குடும்பத்தின் முழு விளைச்சலும் அழிந்துபோகவில்லை. எமது ஊர்களிலும் ஒரு குடும்பத்துக்கு மேட்டில் ஒரு துண்டும் பள்ளத்தில் ஒரு துண்டும் இருப்பதைக் கண்டிருக்கின்றோம்.

மூன்று வயல்களும் முறை மாறி விதைக்கப்படும். ஓர் ஆண்டு ஒரு வயலில் மாரிக் கோதுமை. அடுத்த ஆண்டு அதே வயலில் இளவேனிற் பயிர். மூன்றாம் ஆண்டு அதனைத் தரிசாக விடுவர். தரிசில் ஊர் மந்தை மேயும், எரு சேரும், மண் இளைப்பாறும். செயற்கை உரம் இல்லாத காலத்தில் மண்ணைக் காத்த முறை இதுவே. இப்பொழுது மூன்றாம் ஆண்டில் தீவனப் புல்லும் விதைக்கின்றனர். உழமுடியாத சரிவுகளும் ஈரநிலங்களும் புற்றரைகளாக விடப்பட்டுள்ளன. அவற்றின் புல்லை ஆண்டுதோறும் கமக்காரரிடையே ஏலத்தில் விற்கின்றனர்.

இந்த முறை நடக்க வேண்டுமானால் எல்லோரும் சேர்ந்தே விதைக்க வேண்டும், சேர்ந்தே வெட்ட வேண்டும். ஒருவர் பிந்தினால் மற்றவரின் மாடு அவர் பயிரை மேய்ந்துவிடும். காலபோகம் தொடங்குமுன் குளத்துக்குக் குளம் கமக்காரர் கூடி, நீர் திறக்கும் நாளையும் கால்நடையை அப்புறப்படுத்தும் நாளையும் தீர்மானிப்பது இதே தேவையினாற்றான்.

எமது உறுதிகளில் எழுதப்படும் 'ஏக்கர்' என்ற அளவும் இத்தகைய வயல்களிலேயே பிறந்தது. எருதுகள் பூட்டிய கலப்பையால் ஒரு நாளில் உழக்கூடிய நிலமே ஏக்கர் எனப்பட்டது. எருதுகள் ஓய்வின்றி இழுக்கக்கூடிய உழவுசாலின் நீளம் 220 யார். அகலம் 22 யார். இந்த 22 யார், அதாவது 66 அடிதான், நில அளவையாளரின் சங்கிலி.

பன்னிருவர் வயல் பார்க்கும் நாள்

லக்ஸ்ரனுக்கு ஓர் ஊர் மன்றம் உண்டு. மிகப் பழைமையான அம்மன்றம் இன்றும் கூடுகின்றது. 1977ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இவ்வகைப் பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோதும், லக்ஸ்ரன் மன்றத்தின் அதிகாரத்தை விட்டுவைத்தது.

நவம்பர் மாதக் கடைசியில், பன்னிரண்டு ஜூரிமாரும் அவர்களின் தலைவரும் புதிதாகக் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்ப்பர். உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வயலுக்குச் சென்று, துண்டு துண்டாக நடப்பர். எவராவது பொதுப் பாதையை அல்லது புற்றரையைச் சேர்த்து உழுதிருக்கின்றாரா, வாய்க்காலைத் துப்புரவாக்கினாரா என்று பார்ப்பர். எல்லை மறைந்த இடத்தில் அளந்து முளை அடிப்பர். ஒரு கிழமை கழித்து ஊர் விடுதியில் மன்றம் கூடும். பிழை செய்தவருக்குத் தண்டம் விதிக்கப்படும். அடுத்த ஆண்டுக்குரிய ஜூரிமார் சத்தியம் செய்து பொறுப்பேற்பர்.

தண்டம் சிறு தொகையே. நாம் இதைக் கேட்டுச் சிரித்தபோது நண்பர் சொன்ன விளக்கம் எமக்குப் பிடித்தது. "காசு பெரிதல்ல. இந்த ஆண்டு நான் இன்னொருவரின் வரம்பைப் பார்க்கின்றேன். அடுத்த ஆண்டு அவர் என் வரம்பைப் பார்ப்பார். ஊர் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதைத்தான் எல்லோரும் அஞ்சுகின்றனர்." வரம்புச் சண்டை வழக்காகிப் பல ஆண்டுகள் நீதிமன்றில் இழுபடுமுன், வயலிலேயே அளந்து தீர்த்துவிடுகின்றனர்.

லக்ஸ்ரனுக்கு வேறொரு செல்வமும் உண்டு. 1635ஆம் ஆண்டு மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் அவ்வூரின் ஒவ்வொரு துண்டையும் அளந்து, பெரிய வரைபடம் ஒன்றை ஆக்கினார். யாருடைய துண்டு எது என்ற விபரமும் உடன் எழுதப்பட்டது. அந்த வரைபடம் இன்றும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் போட்லியன் நூலகத்தில் உள்ளது. 1952இல் அரசின் விவசாய அமைச்சு இந்த முறையைப் பாதுகாப்பதற்காக அக்காணிகளை வாங்கியது. 1981இல் அவை அரச சொத்துக்களை நிருவகிக்கும் நிறுவனத்துக்கும், 2020இல் அயலிலுள்ள தோர்ஸ்பி பண்ணைக்கும் கைமாறின. உரிமையாளர் மாறினாலும் மன்றம் தொடர்கின்றது.

வேலி வந்த கதை

ஒருகாலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதிக் கிராமங்களிற் பெரும்பாலானவை இப்படியே இருந்தன. ஆட்டு மயிருக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில், பெரிய நிலச்சுவான்தார்கள் பொது நிலத்தை அடைத்து ஆடு வளர்க்கத் தொடங்கினர். 1549இல் நோபோக் பகுதி மக்கள் றொபேட் கெற் என்பவரின் தலைமையில் எழுந்து வேலிகளைப் பிடுங்கி எறிந்தனர். அந்த எழுச்சி படைகொண்டு அடக்கப்பட்டது. கெற் தூக்கிலிடப்பட்டார்.

பின்னர் வேலியடைப்பு சட்டத்தின் மூலம் நடந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் பாராளுமன்றில் நிறைவேறின. அவற்றின் மூலம் 68 இலட்சம் ஏக்கர் வரையான நிலம் அடைக்கப்பட்டது.

அது நடந்த விதத்தை எமது வாசகர் கவனிக்க வேண்டும். நோக்கத்தை அறிவிக்கும் பத்திரம் ஆலயக் கதவில் ஒட்டப்படும். ஆணையாளர்கள் வந்து நிலத்தை அளப்பர். உரிமை கோருவோர் எழுத்தில் கோர வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பொது நிலத்தில் ஒரு பசுவை மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழைக்கு எழுத்தில் என்ன இருக்கும்? வழக்கம் இருந்தது, கடதாசி இருக்கவில்லை. ஆகவே பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. சிறு துண்டு கிடைத்தவர்கள் அதனைத் தம் செலவில் வேலியடைக்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தாங்க இயலாமல் விற்றுவிட்டுக் கூலிகளாயினர், அல்லது நகரத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர்.

வேலியடைத்த பின் விளைச்சல் பெருகியது என்று பலர் எழுதியுள்ளனர். பல இடங்களில் அது உண்மையே. ஆனால் பெருகிய விளைச்சல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரு பரப்புத் தோட்டம்

நிலமிழந்தவர்களின் குரல் நெடுங்காலத்தின் பின் சிறிது பலன் தந்தது. 1908ஆம் ஆண்டின் சட்டம், மக்கள் கேட்குமிடத்து மரக்கறித் தோட்டத்துக்கான சிறு துண்டுகளைக் குறைந்த வாடகைக்கு வழங்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகள் மீது சுமத்தியது. ஒரு துண்டின் வழமையான அளவு பத்துப் பேர்ச். தோட்டக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர் என்று கணக்கிடும் எமது வழக்கப்படி, அது சரியாக ஒரு பரப்பு.

நண்பரின் கிராமத்திலும் இத்தகைய தோட்டங்களைக் கண்டோம். குளிர்காலமாகையால் கோவாவும் லீக்ஸும் மட்டுமே நின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு தகரக் கொட்டிலும், மழைநீர் பிடிக்கும் பீப்பாவும், குப்பையெரு குவிக்கும் பெட்டியும் இருந்தன. ஓய்வுபெற்ற சாரதி ஒருவர் தமது துண்டில் உருளைக்கிழங்கு, வெங்காயம், போஞ்சி முதலியன மாறி மாறி நடும் ஒழுங்கைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். பெரிய வயல்களில் மூன்றாண்டு முறை மறைந்துவிட்டது. இந்த ஒரு பரப்பில் அதே அறிவு வாழ்கின்றது.

தற்காலிகக் காணியில் வாழ்வோருக்கு இது பயன்படக்கூடிய செய்தி. நிலம் சிறிதாயினும் நான்கு பாத்தியாகப் பிரித்து, கிழங்கு வகை, அவரை வகை, இலைக்கறி, வெங்காயம் என முறைமாற்றி நட்டால் மண்ணின் சத்தும் நிற்கும், பூச்சி நோயும் குறையும்.

ஊரை நடத்துவோர்

1894இல் இயற்றப்பட்ட சட்டத்தால், கிராம நிருவாகம் ஆலயத்தின் பொறுப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, மக்கள் தெரிவுசெய்யும் கிராம சபைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. சபை உறுப்பினர்க்குச் சம்பளம் இல்லை. மைதானம், ஒற்றையடிப் பாதை, தோட்டத் துண்டுகள், சில இடங்களில் சேமக்காலை ஆகியவற்றை இச்சபைகள் பார்த்துக்கொள்கின்றன. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்படி பொது நடைபாதைகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டன. அந்தப் பாதை தனியார் வயலின் நடுவே சென்றாலும் அதனை மறிக்க இயலாது.

கிராமத்தில் எல்லாம் நன்று என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். நாட்டின் நூறு தொழிலாளரில் ஒருவர் இருவரே இன்று கமத்தொழிலில் இருக்கின்றனர். அழகிய பழைய வீடுகளை நகரத்துச் செல்வந்தர் வாங்குவதால், ஊரிற் பிறந்த இளைஞருக்கு வீடு எட்டாத விலையாகிவிட்டது. பஸ் குறைந்தது, பாடசாலைகள் மூடப்பட்டன. பல ஆலயங்களுக்கு ஒரே குருவானவர். கடை மூடப்பட்ட நூற்றுக்கணக்கான ஊர்களில் மக்களே பங்குப் பணம் சேர்த்து, எமது சங்கக்கடை போன்று, தம் கடையை மீண்டும் திறந்து நடத்துகின்றனர்.

எல்லை நடை

உயிர்த்த ஞாயிறுக்குப் பின்வரும் நாட்களில் பங்கின் எல்லையைச் சுற்றி நடந்து, பயிருக்கு ஆசி வேண்டும் பழைய வழக்கம் ஒன்று அந்நாட்டில் உண்டு. குருவானவரும் பெரியவர்களும் சிறுவர்களை அழைத்துக்கொண்டு எல்லைக்கல், மரம், ஓடை என ஒவ்வோர் அடையாளத்திலும் நின்று செபிப்பர். சிறுவர் அந்த இடங்களைக் கோலால் அடிப்பர். சில ஊர்களில் சிறுவரையே தூக்கி எல்லைக்கல்லில் மெல்ல முட்டுவர். வரைபடம் அரிதாயிருந்த காலத்தில், எல்லையை அறுபது எழுபது ஆண்டுக்குக் காத்துவைக்கச் சிறுவரின் நினைவே பதிவேடாயிற்று. சில பங்குகளில் இவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது.

திரும்பாத இரு ஊர்கள்

எமது மனதை மிகவும் தொட்டவை, மக்கள் இல்லாத இரு கிராமங்களின் கதைகள்.

வில்ற்ஷயர் மேட்டுநிலத்தில் உள்ள இம்பர் கிராமத்தின் மக்கள் 1943 நவம்பர் முதலாம் திகதி பாடசாலைக்கு அழைக்கப்பட்டனர். அமெரிக்கப் படையின் பயிற்சிக்கு ஊர் தேவை, டிசம்பர் 17க்குள் வெளியேற வேண்டும் என்று அங்கு அறிவிக்கப்பட்டது. ஏறக்குறைய 150 பேர் வெளியேறினர். யுத்தம் முடிந்ததும் திரும்பலாம் என்று தமக்குச் சொல்லப்பட்டதாக அவர்கள் இறுதிவரை கூறினர். ஊர்க் கொல்லர் சில மாதங்களுள் காலமாகி, அடக்கத்துக்காக மட்டுமே இம்பருக்குத் திரும்பினார். யுத்தம் 1945இல் முடிந்தது. ஊர் திருப்பித் தரப்படவில்லை. 1961 ஜனவரியில் இரண்டாயிரம் பேர் வரை தடையை மீறி ஊருக்குள் சென்று குரலெழுப்பினர். அப்போதும் ஊர் கிடைக்கவில்லை.

காரணம் என்ன? இம்பரின் காணிகளிற் பெரும்பகுதியை இராணுவத் திணைக்களம் யுத்தத்துக்கு முன்னரே விலைக்கு வாங்கியிருந்தது. மக்களிற் பெரும்பாலோர் வாடகைக் குடிகள். வாக்குறுதி வாயளவில் இருந்தது. காட்டுவதற்கு எழுத்து இருக்கவில்லை.

டோர்செற் கடற்கரையை அடுத்த ரைனம் கிராமமும் அதே டிசம்பர் மாதம் வெறுமையாக்கப்பட்டது. ஏறக்குறைய 225 பேர் வெளியேறினர். ஆலயத்தையும் வீடுகளையும் கவனமாகப் பேணும்படியும், ஒருநாள் தாம் திரும்பி வருவோம் என்றும் எழுதி, ஆலயக் கதவில் ஒரு குறிப்பை அவர்கள் விட்டுச் சென்றனர். 1948இல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாகச் சுவீகரித்தது. 1973இல் அரசு நியமித்த குழுவே நிலத்தை விடுவிக்குமாறு பரிந்துரைத்தும் அரசு ஏற்கவில்லை. எனினும் மக்களின் அழுத்தத்தினால் 1975 முதல் நடைபாதைகள் திறந்துவிடப்பட்டன. பயிற்சி இல்லாத பெரும்பாலான வாரவிடுமுறைகளில் இன்று அங்கு செல்லலாம். கூரையற்ற வீடுகளின் நடுவே ஆலயமும் பாடசாலையும் பேணப்படுகின்றன.

இம்பர் ஆலயமும் அழியவில்லை. ஆண்டில் சில நாட்கள் அது திறக்கப்படுகின்றது. செப்டெம்பரில் ஊரின் பாதுகாவலரான புனித கைல்ஸின் திருநாளை ஒட்டி வழிபாடு நடக்கின்றது. வெளியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கு வருவதுண்டு.

இக்கதைகளை எமது வாசகர்கள் புதியனவாகக் கேட்கமாட்டார்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிய குடும்பங்கள் 2009க்குப் பின்னரே கட்டம் கட்டமாகத் தம் காணிகளைக் காணத் தொடங்கின. மன்னார் முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் வெளியேறினர். அவர்கள் விடாது கேட்டதன் பின் 2017இல் காணியின் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. இம்பர் மக்கள் திரும்பவில்லை என்பதால் எவரும் திரும்பமாட்டார் என்பதில்லை. கேட்டால் உடனே கிடைக்கும் என்பதும் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை

முதலாவது, கடதாசி. உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பதியப்பட்டதன் அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்டுப் பெறுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தின் பதிவேட்டில் பெயர் உள்ளதா என்று பாருங்கள். காணி பற்றி எவர் வாக்குறுதி தந்தாலும் திகதியோடும் கையொப்பத்தோடும் எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, நினைவு. ஊரின் மூத்தோர் இருக்கும்போதே, ஒழுங்கை, கிணறு, பனை, மதகு, எல்லைக்கல், அயலவர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக் கையால் ஒரு படம் வரையுங்கள். அதனைச் சட்டப் பத்திரமாகக் கொள்ள இயலாது. ஆனால் பற்றைக்காடு மண்டிய காணியில் எல்லை தேடும் நாளில் அது வழிகாட்டும். பிள்ளைகளையும் கூட இருத்தி வரையுங்கள்.

மூன்றாவது, கூட்டம். லக்ஸ்ரன் மக்கள் தம் முறையைக் காத்தது ஆண்டுதோறும் தவறாமல் கூடியதனால். இடம்பெயர்ந்த இடத்திலும் ஊரின் பெயரால் ஆண்டில் ஒருநாளாவது கூடுங்கள். ஆலயத் திருநாள் அதற்கு ஏற்ற நாள். பெயர்ப் பட்டியலைப் புதுப்பியுங்கள். காணியற்ற குடும்பங்களின் பெயரும் அதில் இருக்கட்டும். வேலியடைப்பில் முதலில் மறக்கப்பட்டோர் அவர்களே.

நான்காவது, திரும்பியோர் கடமை. மீள்குடியேறிய ஊரில் எல்லைத் தகராறு எழுவது இயல்பு. வழக்குக்குப் போகுமுன், இரு பகுதியாரும் ஏற்கும் சிலர் வயலிலேயே நின்று அளந்து, எல்லோர் முன்னிலையிலும் முளை அடிக்கட்டும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரின் எல்லைகளை அறிந்த மூத்தோர் எத்தனை பேர் எம்மோடு இருக்கின்றனர்? அவர்களிடம் யார், எப்போது கேட்டு எழுதுவது?

2. எமது ஊரில் பொதுவாயிருந்தவை எவை? மேய்ச்சல் தரை, குளக்கரை, சுடலை, பாதை ஆகியவற்றுக்கு எழுத்தில் என்ன ஆதாரம் உண்டு?

3. காணி விடுவிக்கப்படும் நாளில், காணியற்ற குடும்பங்களுக்கு நாம் சொல்லப்போவது என்ன?